அமெரிக்க விடுதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை: முன்பதிவு முதல் புகார் வரை

ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு நயாகராவையும் கிராண்ட் கேன்யனையும் காட்டத் திட்டமிடும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில், அம்மாவோ அப்பாவோ சக்கர நாற்காலியில் நடமாடுபவராக இருந்தால், விமானப் பயணத்தை விடவும் பெரிய சிக்கலாக வந்து நிற்பது இரவு தங்கும் அறைதான். விமான நிலையத்தில் நாற்காலியைத் தள்ள ஆள் வந்துவிடுகிறார். விடுதியின் குளியலறையில் அப்படி யாரும் வருவதில்லை. இந்த நாட்டில் இதற்கென்று தெளிவான சட்டம் இருக்கிறது. ஆனால் அதன் பலன் பெரும்பாலும் முன்பதிவு செய்யும் நேரத்தில்தான் கிடைக்கிறது. இரவு பதினொரு மணிக்கு வரவேற்பு மேசை முன்னால் நின்று வாதாடுவதற்கு அது அவ்வளவாக உதவுவதில்லை. ஆகவே இக்கட்டுரையின் பெரும்பகுதி முன்பதிவைப் பற்றியதாகவே இருக்கும்.

சட்டம் யாரைக் காக்கிறது

1990 ஜூலை 26 அன்று குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், பேச்சு வழக்கில் ஏடிஏ, அதன் மூன்றாம் பிரிவில் பொதுமக்கள் வந்து போகும் தனியார் இடங்களைக் கட்டுப்படுத்துகிறது. விடுதி, மோட்டல், இன் ஆகியவை அந்த இடங்களின் பட்டியலில் முதலிலேயே வருகின்றன. உரிமையாளரே குடியிருந்துகொண்டு ஐந்து அறைகள் வரை மட்டும் வாடகைக்கு விடும் சிறிய இடங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே கிராமப்புறங்களில் அழகாகத் தெரியும் சில காலைச் சிற்றுண்டி இல்லங்களை இந்தச் சட்டத்தை நம்பி முன்பதிவு செய்துவிடக் கூடாது.

இச்சட்டம் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் தாய்க்கும் இங்கேயே பிறந்த பேரனுக்கும் ஒரே உரிமைதான். நடப்பது, பார்ப்பது, கேட்பது போன்ற அன்றாடச் செயல்களைக் கணிசமாகக் கட்டுப்படுத்தும் எந்தக் குறைபாடும் போதும். 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வரையறையை இன்னும் தாராளமாக்கியது. முழங்கால் தேய்ந்து நூறடி கூட நடக்க முடியாத பெரியவரும் இதற்குள் வருவார். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் அடையாள அட்டையை நீட்டிப் பழகிய நமக்கு ஆச்சரியமாக இருக்கும்: அணுகல் வசதி உள்ள அறையைப் பெறுவதற்கு அரசுச் சான்றிதழ் எதையும் சட்டம் கேட்கவில்லை. அந்த அறைக்காகக் கூடுதல் கட்டணம் வசூலிப்பதற்கும் அனுமதி இல்லை.

முதலில்: எந்த வகை அறை என்று முடிவு செய்யுங்கள்

"ஆக்சஸிபிள் ரூம்" என்று இணையத்தில் போட்டிருப்பதைப் பார்த்தவுடன் பதிவு செய்துவிடுவதுதான் புதியவர்கள் பலரும் சறுக்கும் இடம். அந்தப் பெயருக்குள் வெவ்வேறு வகை அறைகள் இருக்கின்றன. நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கானது ஒரு வகை. காது கேளாதவர்களுக்கானது மற்றொரு வகை. இரண்டாம் வகை அறையில் தீ அபாய ஒலிக்கு விளக்கு மின்னும், கதவு தட்டப்படுவதும் தொலைபேசி அழைப்பும் ஒளியாகத் தெரியும். ஆனால் அதன் குளியலறை வழக்கமான குளியலறையாகவே இருக்கலாம். தலைப்பை மட்டும் பார்த்துப் பதிவு செய்த குடும்பம், சக்கர நாற்காலியோடு போய் மின்னும் விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும்.

நடமாட்ட வசதி அறைகளுக்குள்ளும் குளியலறையைப் பொறுத்து ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாற்காலியோடு அப்படியே உருட்டிக்கொண்டு உள்ளே போகக்கூடிய, தரை மட்டத்திலேயே அமைந்த ஷவரை "ரோல்-இன் ஷவர்" என்கிறார்கள். மற்றொன்று குளியல் தொட்டி. அதில் பிடிமானக் கம்பிகளும் உட்காரும் பலகையும் இருக்கும், ஆனால் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்தாக வேண்டும். மூன்றாவது, 36 அங்குலத்துக்கு 36 அங்குலம் அளவுள்ள சிறிய ஷவர். நாற்காலியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளிருக்கும் இருக்கைக்கு மாறி உட்கார வேண்டும். சற்றே எழுந்து நிற்கக்கூடியவருக்கு மூன்றாவது தாராளமாகப் போதும். எழவே முடியாதவருக்கு முதலாவதைத் தவிர வேறெதுவும் உதவாது.

எத்தனை அறைகள் இருக்க வேண்டும் என்பதையும் சட்டத்தின் கீழுள்ள 2010ஆம் ஆண்டுக் கட்டுமானத் தரநிலைகள் வகுத்திருக்கின்றன. 76 முதல் 100 அறைகள் கொண்ட விடுதியில் நடமாட்ட வசதி அறைகள் ஐந்து, அவற்றில் ரோல்-இன் ஷவர் உள்ளது ஒன்றே ஒன்று. 101 முதல் 150 அறைகள் என்றால் ஏழு, அவற்றில் ரோல்-இன் இரண்டு. 50 அறைகளும் அதற்குக் குறைவாகவும் உள்ள விடுதிகளில் ரோல்-இன் ஷவர் கட்டாயமே கிடையாது. தேசியப் பூங்காக்களை ஒட்டிய சிற்றூர் மோட்டல்களில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான் என்பதால், அங்கே போகிறவர்கள் அழகிய மரவீட்டைத் தேடாமல், பக்கத்து ஊரில் சங்கிலி நிறுவனம் ஒன்றின் பெரிய, புதிய, அழகற்ற கட்டடத்தைப் பிடிப்பதே நல்லது என்பது என் கருத்து. கூடுதலாக நாற்பது நிமிடம் வண்டி ஓட்டலாம். குளிக்காமல் மூன்று நாள் இருக்க முடியாது.

கட்டடத்தின் வயதையும் விசாரியுங்கள். 2012 மார்ச் 15க்குப் பிறகு கட்டப்பட்டவையும் பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டவையும் 2010 தரநிலைகளுக்கு உட்பட்டவை. அதற்கு முன்பு, 1991 விதிகளின்படி ஒழுங்காகக் கட்டப்பட்டவற்றை இடித்துக் கட்டச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது. அதற்கும் முந்தைய பழங்கட்டடங்கள், பெரிய செலவும் சிரமமும் இல்லாமல் நீக்கக்கூடிய தடைகளை நீக்கினால் போதும். இந்த வயது வேறுபாடு கழிப்பறையில்தான் நன்றாகத் தெரியும். பழைய விதிப்படி கை கழுவும் தொட்டி கழிப்பிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். அப்படி இருந்தால் நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி மாறி உட்கார இடம் இராது. புதிய விதி, பக்கச் சுவரிலிருந்து 60 அங்குல அகலத்தை வெற்றிடமாக விடச் சொல்கிறது.

அடுத்து: முன்பதிவு, அதுவும் எழுத்தில்

விடுதிகள் முன்பதிவை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கான தனி விதி 2012 மார்ச் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. மற்றவர்கள் எந்த நேரத்தில், எந்த வழியில் அறை பதிவு செய்ய முடிகிறதோ, அதே நேரத்தில், அதே வழியில் மாற்றுத்திறனாளிகளும் பதிவு செய்ய முடிய வேண்டும். "இந்த அறைக்கு மட்டும் வேலை நாளில் தொலைபேசியில் கூப்பிடுங்கள்" என்று சொல்லக் கூடாது. அறையிலும் விடுதியிலும் உள்ள வசதிகளை, தனக்கு ஒத்துவருமா என்று விருந்தினர் தாமே முடிவு செய்யும் அளவுக்கு விவரித்திருக்க வேண்டும். அதே வகையைச் சேர்ந்த மற்ற அறைகள் எல்லாம் விற்றுத் தீரும்வரை அணுகல் வசதி அறையை மாற்றுத்திறனாளிகளுக்காக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஒருவர் பதிவு செய்துவிட்டால் அந்தக் குறிப்பிட்ட அறையை எல்லா முன்பதிவு அமைப்புகளிலிருந்தும் எடுத்துவிட்டு, அவர் வரும்வரை உறுதியாக வைத்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதே இவற்றில் உயிரானது. சாதாரண விருந்தினருக்கு விடுதி தருவது "ஒரு அறை" என்ற வாக்குறுதி மட்டுமே. எந்த அறை என்பது வந்து சேரும்போதுதான் முடிவாகும். மாற்றுத்திறனாளிக்கு மட்டும், பதிவு செய்த அதே வகை வசதியுள்ள அறையைக் காத்து வைத்திருக்கும் பொறுப்பு சட்டப்படி இருக்கிறது. ஆனால் மூன்றாம் தரப்புத் தளத்தில் "சிறப்பு வேண்டுகோள்" என்ற கட்டத்தில் இரண்டு வரி எழுதிவிட்டு, அது பதிவாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வது ஆபத்து. பலருடைய அனுபவத்திலும் அந்த வரி விடுதியின் திரையில் "கிடைத்தால் பார்க்கலாம்" என்ற அளவிலேயே போய்ச் சேருகிறது. விடுதியின் சொந்தத் தளத்தில், அறை வகையின் பெயரிலேயே "மொபிலிட்டி", "ரோல்-இன் ஷவர்" என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்தபின் தொலைபேசியை எடுங்கள். நிறுவனத்தின் பொது எண்ணில் பேசுபவர் எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு அந்தக் குளியலறையைத் தெரியாது. விடுதியின் நேரடி எண்ணுக்கு, அறையைக் காலி செய்யும் கூட்டமும் புதிதாக வரும் கூட்டமும் இல்லாத பிற்பகல் தொடக்கத்தில் பேசுவது நல்லது. உரையாடல் ஏறத்தாழ இப்படிப் போகட்டும்:

"வணக்கம். என் பதிவு எண் இது. என் தாயார் சக்கர நாற்காலியில் இருப்பவர், எழுந்து நிற்க முடியாது. எங்களுக்குப் பதிவானது நடமாட்ட வசதி உள்ள, ரோல்-இன் ஷவர் அறைதானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?"

"ஆமாம், திரையில் அப்படித்தான் காட்டுகிறது."

"அந்த அறை எங்கள் பெயரில் தனியே தடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா? அறை எண்ணைக் குறித்துக்கொள்ளட்டுமா? இதை ஒரு மின்னஞ்சலில் உறுதி செய்தால் நன்றாக இருக்கும். உங்கள் பெயர்?"

நம் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எதுக்குப்பா அவங்களை இவ்வளவு தொந்தரவு பண்றே, போய்ப் பாத்துக்கலாம்" என்பார்கள். பொருட்படுத்த வேண்டாம். அந்த மின்னஞ்சல்தான் பிறகு கையில் இருக்கும் ஒரே ஆதாரம். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு மீண்டும் ஒருமுறை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சட்டம் சொல்லாததைக் கேளுங்கள்: கட்டிலின் உயரம்

தரநிலைகள் பல அளவுகளைச் சொல்கின்றன. கதவு திறந்திருக்கும்போது வழியின் அகலம் 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கழிப்பிட இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம். பிடிமானக் கம்பிகள் 33 முதல் 36 அங்குல உயரத்தில். கட்டிலின் இருபுறமும் நாற்காலி நிற்க 30க்கு 48 அங்குல இடம். இரண்டு கட்டில்கள் உள்ள அறையில் அந்த இடம் நடுவில் ஒன்று இருந்தால் போதும். இத்தனை நுணுக்கமாகப் போகும் தரநிலைகள், கட்டிலின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

நடைமுறையில் இதுதான் பெரிய தொல்லை. சக்கர நாற்காலியின் இருக்கை பொதுவாகத் தரையிலிருந்து 19, 20 அங்குலம் இருக்கும். விடுதிகளோ சொகுசு என்ற பெயரில் தடித்த மெத்தையை ஏற்றி ஏற்றிக் கட்டிலை 25 அங்குலத்துக்கு மேல் கொண்டுபோய்விடுகின்றன. நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, வழுக்குப் பலகையைக் கட்டிலுக்கும் இருக்கைக்கும் பாலமாக வைத்து நகர்ந்து போகிறவருக்கு, ஓர் அங்குல உயர வேறுபாடு சிரமம். ஆறு அங்குல ஏற்றம் என்றால் அந்தப் பலகையில் ஏறவே முடியாது. இரவில் இறங்குவது சறுக்கலாக முடியும். ஆகவே மெத்தையின் மேற்பரப்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லும்படி கேளுங்கள். ஆளைத் தூக்கிக் கட்டிலில் ஏற்றி இறக்கும் இயந்திரம் பயன்படுத்துகிறவர்கள், கட்டிலுக்கு அடியில் அதன் கால்கள் நுழைய இடைவெளி இருக்கிறதா, பலகையால் பெட்டி போல அடைத்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். உயரம் கூடுதலாக இருந்தால், மெத்தைக்குக் கீழுள்ள பெட்டி வடிவ அடித்தளத்தை (பாக்ஸ் ஸ்பிரிங்) எடுத்துவிடவோ மெல்லிய மெத்தையை மாற்றவோ முன்கூட்டியே வேண்டுகோள் வைக்கலாம். நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமை சட்டத்தில் பொதுவாகவே இருப்பதால், இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுத்துக் கேட்டால் பல விடுதிகள் செய்து தருகின்றன.

நீங்கள் கொண்டுபோகும் நாற்காலியின் மொத்த அகலத்தையும் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். சக்கரத்தின் வெளிப்புறத் தள்ளு வளையம் வரை அளக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் மடக்கு நாற்காலிகள் 32 அங்குலக் கதவில் பெரும்பாலும் தாராளமாக நுழையும். பகலில் துணைக்கு இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ பக்கத்து அறை வேண்டுமென்றால் அதையும் அதே அழைப்பில் பேசி முடியுங்கள். இணைக்கும் கதவு உள்ள அறை தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு அறை எண் பலகைகள் தொட்டறியும் எழுத்திலும் பிரெய்லிலும் இருக்க வேண்டும். உணவுப் பட்டியலை ஊழியர் படித்துச் சொன்னாலே போதுமானது என்பதால் பிரெய்ல் பட்டியலை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது.

போய்ச் சேர்ந்ததும்

பெட்டிகளை இறக்கும் முன்பு ஒருவர் மட்டும் போய் அறையைப் பார்த்து வரட்டும். பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தாம், ஆனால் அவற்றில்தான் வசதி கெடுகிறது. முந்தைய விருந்தினர் வசதிக்காகக் கைஷவரைச் சுவரின் உச்சியில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டாது. தரநிலைகள் அதன் குழாய் 59 அங்குல நீளமாவது இருக்க வேண்டும் என்பதே, உட்கார்ந்த நிலையில் கையில் பிடித்துக் குளிப்பதற்காகத்தான். கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் விட்ட வெற்றிடத்தில் குப்பைத் தொட்டியும் துண்டு அடுக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அழகுக்காக ஒரு சோபா நாற்காலி. ஷவரின் மடக்கு இருக்கையின் திருகு ஆடுகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பராமரிப்புப் பணியாளர் பத்து நிமிடத்தில் சரி செய்துவிடுவார். வசதிகளை அமைப்பதோடு, அவற்றைப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பதும் சட்டப்படி விடுதியின் பொறுப்பு.

தீ அபாயத்தின்போது மின்தூக்கி இயங்காது. ஆகவே மேல்மாடி அறை என்றால், உதவி தேவைப்படும் நபர் எந்த அறையில் இருக்கிறார் என்பதை வரவேற்பு மேசையில் சொல்லிவையுங்கள். இதற்குச் சட்டம் தேவையில்லை; மறக்காமல் இருந்தால் போதும்.

பதிவு செய்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றால், முதலில் இரவு மேலாளரைக் கேளுங்கள். மின்னஞ்சலைக் காட்டுங்கள். "இந்த அறை உறுதி செய்யப்பட்டது, இதே வசதியுள்ள அறையை அருகிலுள்ள விடுதியில் உங்கள் செலவில் ஏற்பாடு செய்து, சக்கர நாற்காலி ஏறும் வண்டியில் அனுப்பி வையுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அறை இல்லாதபோது விருந்தினரை வேறு விடுதிக்கு அனுப்பி வைப்பது இத்தொழிலின் வழக்கம்தான். அனுப்பப்படும் இடத்திலும் ரோல்-இன் ஷவர் இருக்கிறதா என்று அவர்களையே தொலைபேசியில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

வண்டி, நீச்சல் குளம், துணை நாய்

விமான நிலையத்துக்கு இலவச வண்டி விடும் விடுதி, சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதற்கு ஈடான சேவையைத் தர வேண்டும். ஏற்றுப் பலகை உள்ள வண்டி தங்களிடம் இல்லையென்றால் வேறிடத்திலிருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பதே நல்லது. நீச்சல் குளத்தில் இறங்க மின் இருக்கையோ சாய்தளமோ புதிய கட்டடங்களில் கட்டாயம்.

பயிற்சி பெற்ற துணை நாயோடு வருபவரிடம் ஊழியர்கள் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: குறைபாட்டின் காரணமாக இந்த நாய் தேவைப்படுகிறதா, என்ன வேலை செய்யப் பழக்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் கேட்கவோ, செல்லப் பிராணிக் கட்டணம் வாங்கவோ, நாய் அனுமதிக்கப்பட்ட சில அறைகளுக்குள் மட்டும் ஒதுக்கவோ கூடாது. மன ஆறுதலுக்காக மட்டும் வைத்திருக்கும் விலங்குகள் இந்தப் பாதுகாப்புக்குள் வருவதில்லை.

புகார் செய்யும் வழி

முதலில் விடுதியின் பொது மேலாளருக்கும், சங்கிலி நிறுவனம் என்றால் அதன் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுதுங்கள். பதிவு உறுதி செய்த மின்னஞ்சல், பேசியவர்களின் பெயர், நாள், நேரம், அறையின் படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். படம் எடுக்கும்போது அளவு நாடாவை வைத்து எடுத்தால் வாதத்துக்கே இடமிருக்காது.

அதில் தீராவிட்டால் மத்திய அரசின் நீதித் துறையில் குடிமை உரிமைகள் பிரிவுக்கு இணையவழியே புகார் அளிக்கலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அவர்கள் ஒவ்வொரு புகாரையும் எடுத்து விசாரிப்பதில்லை. சிலவற்றை இலவச சமரசப் பேச்சுக்கு அனுப்புவார்கள். ஆனால் ஒரே நிறுவனத்தைப் பற்றிப் புகார்கள் சேரும்போது பெரிய நடவடிக்கை வரும். 2010இல் ஹில்டன் நிறுவனம் நீதித் துறையோடு செய்துகொண்ட உடன்பாடு, கட்டட வசதிகளோடு முன்பதிவு முறையையும் சீர்படுத்த அதைக் கட்டாயப்படுத்தியது.

நீதிமன்றம் போவதைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மத்திய சட்டத்தின் மூன்றாம் பிரிவின் கீழ் தனிநபர் தொடுக்கும் வழக்கில், குறையைச் சரி செய்யும்படி உத்தரவும் வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்கலாம். இழப்பீட்டுப் பணம் கிடையாது. சில மாநிலச் சட்டங்கள் அதைத் தருகின்றன. கலிபோர்னியாவின் அன்ரூ சட்டத்தின் கீழ் ஒரு மீறலுக்குக் குறைந்தது 4,000 டாலர் உண்டு. அங்கே இத்தகைய வழக்குகள் பெருகுவதற்கு அதுவும் ஒரு காரணம். தங்கும் எண்ணமே இல்லாமல், விடுதிகளின் இணையதளங்களைப் பார்த்து நூற்றுக்கணக்கான வழக்குகள் போட்ட ஒருவரின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தங்கும் எண்ணமில்லாதவர் இப்படி வழக்குப் போடலாமா என்ற மையக் கேள்விக்கு விடை சொல்லாமலே 2023 டிசம்பரில் நீதிமன்றம் அதை முடித்து வைத்தது. உண்மையாகவே பயணம் செய்து, பதிவு செய்து, அறை கிடைக்காமல் திரும்பியவருக்கு அந்தச் சர்ச்சையால் எந்தப் பாதகமும் இல்லை.

விசா முடிந்து பெற்றோர் ஊர் திரும்பிவிட்டாலும் புகார் நின்றுவிடாது. அவர்கள் சார்பில் மகனோ மகளோ நீதித் துறையின் இணையப் படிவத்தை நிரப்பி அனுப்பலாம். நடந்தது யாருக்கு, எங்கே, எந்த நாளில் என்பதை அதில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நினைவு மங்குவதற்கு முன், ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே அதைச் செய்துவிடுவது நல்லது.